வாஷிங்டனுக்கு முத்து ஆன்ட்டி அனுப்பிய பார்சல்

முத்து ஆன்ட்டி இறந்த செய்தி "டிசி ட்ரிப்" வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பயணம் முடிந்து ஐந்து மாதம் ஆகியும் அந்தக் குழுவை யாரும் கலைக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் கார்த்திக் அங்கிள் இரண்டு வரி போட்டிருந்தார். அம்மா தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை, ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது என்று. அதற்கு மேலே, குழுவின் முந்தைய கடைசிச் செய்தியாக, செப்டம்பரில் எடுத்த படம் இருந்தது. பூட்டிய பெரிய கதவின் முன் நாங்கள் பதினொரு பேர் நிற்கிறோம். எல்லோரும் சிரிக்கிறோம். ஆன்ட்டி மட்டும் காமிராவைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எடிசன் நகரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் ஆன்ட்டியைத் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்க மலரில் அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னை மேடையில் பேசச் சொன்னால் முடியாது. எழுத முடியும். அதோடு, அந்தப் படத்தில் இருக்கும் மற்றவர்களிடம் நான் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பன்னிரண்டு வயதில் தென்காசியிலிருந்து இங்கே வந்தேன். பள்ளியில் ஆசிரியர் என் பெயரைச் சொன்னாலே குரல் வராது. பதினாறு வயதானதும் போவதை நிறுத்திவிட்டேன். அதனால் வாரநாட்களில் காலை பதினொரு மணிக்கு, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் லாண்ட்ரி அறையில் இரண்டே பேர்தான் இருப்போம். ஒன்று நான், இன்னொன்று முத்து ஆன்ட்டி. முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது வாரம், என் துணிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் அடுக்கிய காலுறைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்கப்பாது ஒண்ணு குறையுது. டிரையருக்குள்ள கையை விட்டுப் பாரு, மேல ஒட்டிக்கினு இருக்கும்."

இருந்தது.

எது குறைகிறது என்று பார்ப்பதுதான் அவர் செய்த வேலை. சென்னையில் திருவல்லிக்கேணியில் ஒரு புத்தக விற்பனையாளரிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் பார்சல் கட்டினார். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக ஏற்பட்ட நூலகம் ஒன்று இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. உறுப்பினர்கள் சட்டம் இயற்றும்போது பார்த்துக்கொள்வதற்காகத் தொடங்கி, பிறகு உலகத்து மொழிகளின் புத்தகங்களையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தது. தமிழ்ப் புத்தகங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு டெல்லி வழியாக அங்கே போகும். அப்படிப் போன பார்சல்கள் சிலவற்றைக் கட்டியவர் ஆன்ட்டி.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்துத்தான் தைப்பார்கள்; சிலவற்றில் ஒரு பதினாறு பக்கம் விடுபட்டிருக்கும். சிலவற்றில் பதினாறு பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கும். கடல் தாண்டிப் போன பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது? அதனால் பக்க எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று புரட்டுவார்கள். சரியாக இருந்தால், கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், புரட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் பொடியாக எழுதி வைப்பார். பின்னால் புகார் வந்தால் யாரைத் திட்டுவது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே. ஆன்ட்டியின் எழுத்து "மு".

"அவ்வளவு புக்கையும் படிச்சிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒண்ணு கூட படிச்சதில்ல. படிக்கிறது அவங்க வேலை. பக்கம் இருக்கானு பாக்கிறது என் வேலை. நான் படிக்க உக்காந்துட்டா அமெரிக்காக்கு யாரு பார்சல் கட்டுறது?"

மனிதர்களைப் பற்றியும் அவர் அப்படித்தான் பேசுவார். யாரையாவது பாராட்ட வேண்டுமானால் "பக்கம் குறையாத ஆளு" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் ஓர் ஆன்ட்டி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே என்னிடம், "பேரு வித்யா, ஸ்கூலுக்கு மட்டும் போறதில்ல, இல்ல?" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்து ஆன்ட்டி வடையைக் கடித்தபடி, "அதெல்லாம் பேருல என்னம்மா இருக்கு? உன் பையன் பேரு தீரன். போன வாரம் கரப்பான்பூச்சிக்கு பயந்து எங்க வீட்டு சோபா மேல ஏறி நின்னான்" என்றார். அந்த ஆன்ட்டியும் சேர்ந்து சிரித்துவிட்டார். அவர் மன்னிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

ஒரு நாள் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய கணவர் ஏகாம்பரம் மாநகரப் பேருந்தில் நடத்துநர். வேலை முடிந்து வந்ததும் அன்று பேருந்தில் ஏறியவர்களைப் பற்றி நோட்டில் எழுதுவாராம். வருடக்கணக்காக எழுதினார்.

"என்னத்த எழுதுறீங்கனு ஒரு நாள் கேட்டேன். 'உனக்கு இதெல்லாம் புரியாது முத்து'ன்னுட்டாரு. புக்கு கடையில வேலை பாக்குறவளப் பாத்து!"

அதற்குப் பிறகு ஆன்ட்டி கேட்கவில்லை. நோட்டுகள் ஒருநாள் புத்தகமாகி, கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தன. பெயர் "உள்ளே இடமிருக்கிறது". யாரும் வாங்கவில்லை. டிப்போவில் சக நடத்துநர்கள், "ஏகாம்பரம், பின்னாடி ரெண்டு பக்கம் கிழிச்சிக்குடு, டிக்கெட் தீந்துபோச்சு" என்று கிண்டல் செய்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அத்தனை பிரதிகளையும், நோட்டுகளோடு சேர்த்து, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு பிரதி மட்டும் அதற்கு முன்பே ஆன்ட்டியின் சாப்பாட்டுப் பையில் கடைக்குப் போயிருந்தது. முதலாளி டீ குடிக்க வெளியே போன நேரத்தில் ஆன்ட்டி அதைப் புரட்டி, பக்கம் சரிபார்த்து, "மு" போட்டு, வாஷிங்டன் பார்சலுக்குள் வைத்தார். பட்டியலின் அடியில் ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான் என்றார்.

"அப்பவாவது ரெண்டு வரி படிச்சிருக்கலாமே ஆன்ட்டி."

"வீம்புடி. புரியாதுன்னு சொன்னாருல்ல? நம்பரை மட்டும் பாத்தேன்." எந்திரத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "பஸ்ஸுல ஏறின கெழவி, பிக்பாக்கெட்டு, பூ விக்கிறவ, எல்லாரும் அதுல இருக்காங்களாம். முப்பது வருஷம் கூடவே இருந்தவ நானு. நான் இருக்கேனா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அவர் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்டதில்லை. மகனிடமும் இல்லை. கணவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த நூலகத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. மூன்று நாள் தேடினேன். கிடைத்தது. ஆசிரியர் பெயர், எழுபத்திரண்டு பக்கம், அதை எடுத்துத் தருவதற்கான எண். ஆன்ட்டியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதலில் பக்க எண்ணிக்கையைத்தான் படித்தார். "எழுபத்திரெண்டு. சரிதான்" என்றார். பிறகு தன் கையாலேயே அந்த எண்ணை ஒரு பழைய சோப்புத்தூள் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

நாடாளுமன்ற உறுப்பினர்களும் இன்னும் சிலரும்தான் அங்கிருந்து புத்தகத்தை வெளியே எடுத்துப் போகலாம், மற்றவர்கள் அட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று சொன்னேன். ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ இந்நேரம் ஒரு எம்பி இவரு புக்க வீட்டுக்கு எடுத்துனு போயிருந்தா? ஐயோ, டிப்போவுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்!"

அப்படித்தான் வாஷிங்டன் டிசி பயணம் வந்தது. தான் கட்டிய பார்சல்கள் போன இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஆன்ட்டி எல்லோரிடமும் சொன்னார். இங்கே நாம் எங்கே போனாலும் லாங் வீக்எண்டில்தான் போகிறோம். அப்போதுதான் எல்லோருக்கும் லீவு, வாடகை வேன் எடுக்கலாம், புளியோதரை கட்டலாம். செப்டம்பரில் லேபர் டே வந்தது. சுந்தர் அங்கிள் வேனை ஓட்டினார். ஆன்ட்டிக்கு மூட்டு வலி என்பதால் முன் இருக்கை. நான் கடைசி வரிசையில்.

"ப்ளான கேட்டுக்கங்க," என்றார் சுந்தர் அங்கிள். "சாட்டர்டே மான்யுமென்ட்ஸ். சண்டே டெம்பிள். மண்டே நம்ம முத்து ஆன்ட்டியோட லைப்ரரி, அப்படியே ரிட்டர்ன். கிராண்ட் ஃபினாலே!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் போனில் நூலகத்தின் பக்கத்தைத் திறந்தேன். அட்டை வாங்க என்ன கேட்பார்கள் என்று பார்க்கத்தான் திறந்தேன். வாசிப்பறை ஞாயிறு இல்லை, அரசு விடுமுறைகளில் இல்லை என்று அங்கே இருந்தது. திங்கட்கிழமை அரசு விடுமுறை. நாங்கள் இருக்கும் மூன்று நாட்களில் சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் மாலை ஐந்துவரைதான். அப்போது காலை பத்து மணி.

அம்மாவின் காதில் சொன்னேன். "பாத்தியா? சுந்தர் அங்கிள்கிட்ட நீயே சொல்லு, இதையாவது நீயா பேசு" என்றார் அம்மா. அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் எழுந்து நின்றேன். வேனில் பேச்சு நின்றது. கண்ணாடியில் சுந்தர் அங்கிள் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா வித்யா, ரெஸ்ட்ரூமா?"

ஒரு குட்டிப் பையன், "வெயிட், ஷீ டாக்ஸ்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்காக வேனை டெலவேரில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தினார்கள்.

இறங்கித் திரும்பி வரும்போது ஆன்ட்டி தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். மடியில் கைப்பை. அதைத் திறந்து, புது மூக்குக்கண்ணாடியையும் சீவிய பென்சில் ஒன்றையும் காட்டினார். "பழக்கதோஷம்" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆன்ட்டியிடம் சொல்ல எனக்குப் பயமில்லை. ஆனால் சொன்ன அடுத்த நொடி அவர், "சுந்தரு, வித்யா என்னமோ சொல்லுது பாரு!" என்று கத்துவார், எல்லோரும் மறுபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அன்று மூன்று மணிக்கு வேன் அந்தக் கட்டடத்தின் முன்னால் மெதுவாகப் போனது. "அதோ ஆன்ட்டி, உங்க லைப்ரரி!" என்றார் சுந்தர் அங்கிள். படிகளில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. "இறங்கணுமா ஆன்ட்டி?" என்று அவர் கேட்கவும் செய்தார்.

"வேணாம்பா. மண்டேவே நிதானமா போவோம். ஒரு தடவ அவசரத்துல புரட்டினது போதும்."

கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை கதவு பூட்டியிருந்தது. "அட கடவுளே, நமக்கு லீவுன்னா அவங்களுக்கும் லீவுதானே! இது கூடத் தோணலையே!" என்று சுந்தர் அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோருக்கும் சிரிப்பு. வந்ததற்குப் படமாவது எடுப்போம் என்று வரிசையாக நின்றோம். ஆன்ட்டி படியேறிப் போய்க் கதவின் வெண்கலத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"பரவால்லபா. கட்டடம் கெட்டியா இருக்கு. மழத்தண்ணி உள்ள போகாது" என்றார். திறக்காத கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

வாரநாளில் போக வேண்டும் என்றால் யாராவது லீவு போட வேண்டும். கார்த்திக் அங்கிளுக்கு ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், லீவு கிடையாது. தேங்க்ஸ்கிவிங் முடியட்டும் என்றார்கள். பிறகு பனி. ஸ்பிரிங் பிரேக்கில் நிச்சயம் என்றார்கள். ஐந்து மாதம், வாரம் ஒரு முறை, லாண்ட்ரி அறையில் ஆன்ட்டியின் பக்கத்தில் நின்று துணி மடித்தேன். எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்த நாளில், "எனக்கென்னமோ அதுல நான் இருப்பேன்னுதான் தோணுது. ஒரு ஓரமா இருப்பேன். என்னா சொல்ற?" என்று கேட்டார். "இருப்பீங்க ஆன்ட்டி" என்றேன். அடுத்த வாரம் அவர் இல்லை.

மே மாதம் அப்பா ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு என்னை அழைத்துப் போனார். சோப்புத்தூள் அட்டையைக் கார்த்திக் அங்கிளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா பார்க்கிங் தேடப் போயிருந்ததால் அட்டை வாங்கும் இடத்தில் நானேதான் பேச வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அங்கிருந்த பெண்மணி புன்னகைத்து, படம் எடுத்து, அட்டையைக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் வராத குரல் மே மாதத்தில் வந்து யாருக்கு என்ன பயன்?

முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் புத்தகம் தயாராக இருந்தது. மெல்லிய புத்தகம். நூலகத்தில் கெட்டி அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டியிருந்தார்கள். தாள் பழுப்பேறியிருந்தது. யாரும் திறந்ததற்கான மடிப்பே இல்லை. முதலில் பக்க எண்களைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து எழுபத்திரண்டுவரை எல்லாம் இருந்தன. பிறகு முதல் வரியிலிருந்து படித்தேன்.

ஏகாம்பரம் நன்றாக எழுதியிருந்தார். தினமும் ஒரே இடத்தில் ஏறி, கணவன் வேலை செய்யும் கடையைத் தாண்டும்போது மட்டும் தலை திருப்பும் பெண். குழந்தைக்கு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டு, இறங்கும்போது அழுத தகப்பன். பிக்பாக்கெட் அடித்த பர்சில் மருந்துச் சீட்டைப் பார்த்து அதைத் திருப்பி வைத்தவன். எல்லோரும் இருந்தார்கள். புத்தகக் கடைக்குப் பார்சல் கட்டப் போகும் மனைவி இல்லை. வீடு என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. நான்கிலும் யாருடைய வீடோ. முன்னுரையில் டிப்போ மேலாளருக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி சொல்லியிருந்தார். எங்காவது ஓரமாக இருப்பாரோ என்று இரண்டாவது முறையும் படித்தேன். இல்லை.

கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், பென்சிலால், பொடியாக, "மு" என்று இருந்தது.

எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அன்றே கார்த்திக் அங்கிளுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா பத்தி ஏதாவது இருக்கா?" அவரும் அதையேதான் கேட்டார். "இல்லை அங்கிள்" என்று எழுதினேன். "தெரியும்" என்று எழுதினார். கடைசிப் படத்தின் மூலையை அவர் பெரிதாக்கிப் பார்த்தாரா, தெரியவில்லை. இதைப் படித்தால் பார்ப்பார்.

வேனில் இருந்தவர்களே, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நீங்கள் ஒரு வயதான பெண்ணை அன்போடு முந்நூறு கிலோமீட்டர் அழைத்துப் போனீர்கள். கதவு எப்போது திறந்திருக்கும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆன்ட்டியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சோப்புத்தூள் அட்டை. அதில் அவர் கையெழுத்தில் புத்தகத்தின் எண். அதற்குக் கீழே, நான் கவனிக்காதபோது எழுதியிருக்க வேண்டும், "72, சரி" என்று இருக்கிறது. அவருக்குச் சேர வேண்டிய ஒரு பதிலும் என்னிடமே தங்கிவிட்டது. ஆன்ட்டி, நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பக்கம் எதுவும் குறையவில்லை. அவர் எழுதியதில் நீங்கள் இல்லை.